கேள்வி–பதில்: பதினோரு நாள் தொலைந்த செப்டம்பர்

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே, பிரிட்டிஷ் சரித்திரத்தில் செப்டம்பர் கொஞ்சம் நெரிசலான மாதம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டு கேள்விகள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். சினிமா, அரசியல் கேட்டவர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு அடுத்த இதழ்.

1752 செப்டம்பர் காலண்டர் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2-ஆம் தேதிக்கு அடுத்த கட்டத்திலேயே 14 இருக்கிறது. யாரோ ஃபோட்டோஷாப்பில் செய்த வேலைதானே?
— வாசகர், கும்பகோணம்

இல்லை, நிஜம். வாட்ஸ்அப்பும் எப்போதாவது உண்மை பேசும். 1752 செப்டம்பர் 2, புதன்கிழமை ராத்திரி படுத்த இங்கிலாந்துக்காரர் மறுநாள் காலை எழுந்தபோது வியாழக்கிழமைதான், ஆனால் தேதி 14. கிழமை ஒழுங்காக நகர்ந்தது, தேதி மட்டும் தாவிவிட்டது.

பழைய ஜூலியன் காலண்டர் வருஷத்துக்கு 365¼ நாள் என்று கணக்குப் போட்டது. சூரியனின் கணக்கு அதைவிடச் சுமார் 11 நிமிஷம் குறைவு. பதினோரு நிமிஷம்தானே என்று விட்டால், 128 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்துகொண்டே போகும். 1582-ல் போப் பதிமூன்றாம் கிரிகோரி 10 நாளை வெட்டி எறிந்து கணக்கை நேராக்கினார். இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் கேட்டுக்கொண்டன. போப்போடு சண்டை போட்டுப் பிரிந்துபோன இங்கிலாந்தோ, இவர் சொல்லி நாங்கள் தேதி கிழிப்பதா என்று 170 வருஷம் வீம்பாக உட்கார்ந்திருந்தது. நடுவில் 1700-ஆம் வருஷம் வந்தது. பழைய கணக்கில் அது லீப் வருஷம், புதிய கணக்கில் இல்லை. அதனால் 10 நாள் பாக்கி 11 ஆனது. கடைசியில் செஸ்டர்ஃபீல்டு பிரபு முன்னின்று நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை. அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புது வருஷம் பிறந்தது மார்ச் 25. அதை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். ஆக, 1751 மார்ச் 25-ல் பிறந்து டிசம்பர் 31-ல் முடிந்தது, மொத்தமே 282 நாள்.

‘எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு’ என்று ஜனங்கள் கலவரம் செய்தார்கள் என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகமும் சொல்லும். ஆதாரம் தேடிப் போனால் ஓவியர் ஹோகார்த் 1755 வாக்கில் வரைந்த ஒரு தேர்தல் விருந்துப் படத்தில் போய் நிற்கும். அதில் ஒருவன் காலடியில் அந்த வாசகம் எழுதிய பலகை கிடக்கிறது, அவ்வளவுதான். கேலிச்சித்திரத்தைச் செய்தியாக நம்பிய கதை. உண்மையில் சட்டத்தை எழுதியவர்கள் கில்லாடிகள். வாடகை, கடன் தவணை, மேஜர் ஆகிற வயது எதுவும் பதினோரு நாள் முன்னால் வந்துவிடக் கூடாது, நிஜமாக அத்தனை நாள் கழிந்த பிறகுதான் என்று அப்போதே ஷரத்துப் போட்டுவிட்டார்கள். அதன் வால் இன்னும் ஆடுகிறது. பழைய மார்ச் 25-ஓடு பதினொன்றைக் கூட்டினால் ஏப்ரல் 5, அப்புறம் 1700 மாதிரியே பழைய கணக்கில் மட்டும் லீப் வருஷமான 1800-க்காக இன்னொரு நாள் சேர்ந்து ஏப்ரல் 6. பிரிட்டனில் வருமான வரி வருஷம் இன்றைக்கும் ஏப்ரல் 6-ல்தான் தொடங்குகிறது.

உங்களிடம் லினக்ஸ் கணினி இருந்தால் ‘cal’ என்ற சின்னக் காலண்டர் கட்டளையில் 9, 1752 என்று கொடுத்துப் பாருங்கள். அதுவும் 2-க்கு அடுத்து 14 என்றுதான் காட்டும்.

சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த நாள் ஒரு புத்தகத்தில் 1746 செப்டம்பர் 10, இன்னொன்றில் செப்டம்பர் 21. எது அச்சுப்பிழை?
— வாசகி, புதுச்சேரி

இரண்டுமே சரி, மேலே உள்ள பதிலின் தொடர்ச்சிதான் இது. பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த அந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் 21. ஒரே நாள், ஒரே பீரங்கிப் புகை, தேதி மட்டும் இரண்டு.

நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து கடலூருக்கு எவ்வளவு தூரம்? இருபது கிலோமீட்டர் சொச்சம். அன்றைக்குக் கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை, பழைய காலண்டர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே, புதிய காலண்டர். தெற்கே தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் 1700-லேயே மாறிவிட்டார்கள். பாண்டியில் செப்டம்பர் 20 என்று தேதி போட்ட கடிதம் மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்கு வந்தால், அங்கே வாங்கிப் பிரிக்கிறவருக்கு அன்று செப்டம்பர் 12. எழுதுவதற்கு எட்டு நாள் முன்பே வந்துசேர்ந்த கடிதம்! துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை போன்றவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அட்சய வருஷம் புரட்டாசி மாதம், முடிந்தது வேலை.

சென்னை விழுந்தபோது கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு இளைஞன் மாறுவேஷம் போட்டுக்கொண்டு தப்பித்துக் கடலூர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். பெயர் ராபர்ட் கிளைவ். அவன் பிறந்ததும் ஒரு செப்டம்பர் 29 (1725), அதுவும் பழைய கணக்கில். 1748 உடன்படிக்கையில் சென்னையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக்கொண்டது கனடாவில் லூயிபர்க் என்ற கோட்டையை. லாபமா நஷ்டமா என்று நீங்களே சொல்லுங்கள்.

லண்டன் பெருந்தீ ஒரு ரொட்டிக் கடையில் ஆரம்பித்தது என்பது உண்மையா?
— வாசகர், மதுரை

ஆமாம். 1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை விடியாத நேரம், புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் பேக்கரி. வீட்டுக்காரர்கள் மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தாவிவிட்டார்கள். வேலைக்காரப் பெண் மட்டும் பயந்து நின்றுவிட்டாள், முதல் பலி அவள்தான். மேயர் ப்ளட்வர்த்தை எழுப்பி அழைத்து வந்து காட்டினால், ஒரு பொம்பளை ஒன்றுக்கிருந்தே அணைத்துவிடலாம் இதை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். (நான் சொல்லவில்லை, மேயர் சொன்னது.) நாலு நாளில் 13,200 வீடுகளும் 87 கோயில்களும் பழைய செயின்ட் பால் தேவாலயமும் சாம்பல். ஆனால் பதிவான சாவு ஒற்றை இலக்கம்தான். ஏழைகளை யார் எண்ணினார்கள் என்று கேட்கத் தோன்றும், நியாயமான கேள்விதான்.

எனக்குப் பிடித்தது சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு. கடற்படை இலாகா அதிகாரி. நெருப்பு நெருங்கியதும் தோட்டத்தில் குழி வெட்டி, ஒயினையும் பார்மசான் சீஸையும் புதைத்தார். ஊரே எரிகிறபோது ஒருவர் எதைக் காப்பாற்றுகிறார் என்பதில் ஆளே தெரிந்துவிடும். அந்த இத்தாலிய சீஸ் அன்றைக்கு விலை உயர்ந்த சரக்கு, அதையும் சொல்லியாக வேண்டும்.

பழி யார் மேல் விழுந்தது? ரொபேர் யூபேர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் நான்தான் தீ வைத்தேன் என்று தானாகவே ஒப்புக்கொண்டார், தூக்கில் போட்டுவிட்டார்கள். தீ பிடித்து இரண்டு நாள் கழித்துத்தான் அவர் லண்டனுக்கே வந்து இறங்கினார் என்பது பிற்பாடு தெரிந்தது. நினைவுத்தூணில் இது கத்தோலிக்கர் சதி என்று 1681-ல் பொறித்த வரி 1830 வரை இருந்தது. 1986-ல் லண்டன் ரொட்டிக்காரர் சங்கம் மன்னிப்புக் கேட்டது, 320 வருஷம் தாமதம். தூணின் உயரம் 202 அடி, அங்கிருந்து அந்த பேக்கரி இருந்த இடம்வரை தூரமும் அதே 202 அடி.

ராசியான நாள் பார்ப்பது நம் ஊரில் மட்டும்தானா? வெள்ளைக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாதா?
— வாசகி, காரைக்குடி

கிராம்வெலுக்கு இருந்தது என்று சொல்லலாம். சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிவிட்டு நாட்டை ஆண்ட அதே ஆலிவர் கிராம்வெல். 1650 செப்டம்பர் 3, டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1651 செப்டம்பர் 3, வூஸ்டரில் கடைசி வெற்றி. அதன் பிறகு அந்த நாளை அவர் விசேஷமாகவே கொண்டாடினார். 1658-ல் செத்ததும் செப்டம்பர் 3. ராசி எந்தப் பக்கம் வேலை செய்தது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மன்னராட்சி திரும்ப வந்ததும் 1661-ல் அவர் உடலைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டு, தலையை வெட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கம்பத்தில் செருகி வைத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. பிறகு கைமாறிக் கைமாறி, காட்சிப்பொருளாகி, 1960-ல்தான் கேம்பிரிட்ஜில் அவர் படித்த சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் புதைத்தார்கள்.

அதே செப்டம்பர் 3-ல்தான் 1783-ல் பாரிஸில் கையெழுத்துப் போட்டு பிரிட்டன் அமெரிக்காவை விட்டுக்கொடுத்தது. 1939-ல் அதே தேதி, காலை 11.15-க்கு சேம்பர்லின் வானொலியில் ஜெர்மனியோடு போர் என்று அறிவித்தார். அவர் பேசி முடித்த சில நிமிஷத்தில் லண்டனில் அபாயச் சங்கு ஊதியது, ஜனங்கள் பதறி ஓடினார்கள், கடைசியில் பொய் எச்சரிக்கை. அன்றைக்கே வைஸ்ராய் லின்லித்கோ இங்கே ஒருத்தரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் அடுத்த மாதம் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது.

ஒரே ஒரு வருஷம் இந்தத் தேதிக்கு இங்கிலாந்தில் ஓய்வு கிடைத்தது. 1752-ல் செப்டம்பர் 3 வரவே இல்லை.

ஸ்டாம்ஃபோர்டு பாலம், ஹேஸ்டிங்ஸ் இரண்டையும் குழப்பிக்கொள்கிறேன். சுருக்கமாக?
— மாணவர், நாகர்கோவில்

இரண்டும் 1066. செப்டம்பர் 25 அன்று யார்க் பக்கம் ஸ்டாம்ஃபோர்டு பாலத்தில் இங்கிலாந்து மன்னர் ஹெரால்டு நார்வே படையை அடித்து நொறுக்கினார். முந்நூறு கப்பலில் வந்தவர்கள் இருபத்துநாலில் திரும்பிப் போனார்கள். மூச்சு வாங்குவதற்குள், 28-ஆம் தேதி தெற்குக் கோடியில் பெவன்சியில் நார்மண்டி வில்லியம் வந்து இறங்கிவிட்டார். ஹெரால்டு படையோடு தெற்கே நடந்தார். அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ், ஹெரால்டு காலி. பரீட்சைக்கு இது போதும்.

உலகத்தின் முதல் ரயில் விபத்தில் செத்தவர் ஒரு எம்.பி. என்று எங்கள் பணிமனையில் ஒரு பெரியவர் சொல்வார். சரியா?
— வாசகர், பொன்மலை, திருச்சி

பெரியவர் முக்கால்வாசி சரி. முதல் சாவு அவர் இல்லை, அதற்கு முன்பே ரயிலில் அடிபட்டுச் செத்தவர்கள் உண்டு. ஊரெல்லாம் பேசிய முதல் சாவு அவர்.

1825 செப்டம்பர் 27-ல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் லோகோமோஷன் எஞ்சின் ஓடியது, 2025-ல் அதற்கு இருநூறாவது வருஷ விழா எடுத்தார்கள். ஆனால் நீராவி எஞ்சினை நம்பியே பயணிகளுக்கென்று இரண்டு பெரிய ஊர்களை இணைத்தது லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை. திறப்பு விழா 1830 செப்டம்பர் 15. பிரதமர் வெலிங்டன் தனிப் பெட்டியில் வந்தார். பார்க்சைடு என்ற இடத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். இறங்காதீர்கள் என்று சொல்லியும் பெரிய மனிதர்கள் இறங்கித் தண்டவாளத்தில் நின்று அரட்டை அடித்தார்கள் (இந்தப் பழக்கம் எந்த நாட்டிலும் மாறவில்லை). லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிசனுக்கும் வெலிங்டனுக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம், இதுதான் சமயம் என்று கைகொடுக்கப் போனார். பக்கத்துத் தண்டவாளத்தில் ராக்கெட் எஞ்சின் வந்துவிட்டது. மற்றவர்கள் ஒதுங்கினார்கள். இவர் தடுமாறி வெலிங்டனின் பெட்டிக் கதவைப் பிடித்துத் தொங்கினார், கதவு வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டு அவரைக் கொண்டுபோய் எஞ்சினுக்கு நேரே விட்டது. கால் நசுங்கியது. ஸ்டீவன்சனே எஞ்சினை ஓட்டிக்கொண்டு எக்கில்ஸ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார், ராத்திரி உயிர் போய்விட்டது.

விசித்திரம் என்னவென்றால், இந்தச் செய்தி ரயிலுக்கே விளம்பரமாகிவிட்டது. அடிபட்டவரை இவ்வளவு வேகமாகக் கொண்டுபோக முடியுமா என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

பிரிட்டனுக்குத்தான் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் பவுண்டு விழுமோ என்று பயமாக இருக்கிறது. மூடநம்பிக்கையா?
— வாசகர், திருப்பூர்

பாதிதான். பவுண்டுக்குச் செப்டம்பர் ஆகாது என்பதற்குச் சாட்சி நிறைய இருக்கிறது. 1931 செப்டம்பர் 21-ல் பிரிட்டன் தங்க இணைப்பை, அதாவது பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த ஏற்பாட்டை, விட்டது. அதற்குச் சில நாள் முன்பு, சம்பள வெட்டு என்று கேள்விப்பட்ட கடற்படை மாலுமிகள் இன்வர்கார்டனில் கப்பலை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள், சந்தை பயந்துபோனது. 4.86 டாலராக இருந்த பவுண்டு சில மாதத்தில் 3.50-க்கும் கீழே. நம் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பவுண்டோடு கட்டிவைத்திருந்ததால் அதுவும் கூடவே விழுந்தது, ரூபாயில் தங்கம் விலை ஏறியது, ஏற்கெனவே விளைபொருள் விலை சரிந்து கடனில் கிடந்த குடும்பங்கள் நகையை விற்றன, அந்தத் தங்கம் பம்பாயிலிருந்து கப்பல் கப்பலாக வெளியே போனது.

அந்த வாரம் காந்தி லண்டனில் இருந்தார், வட்டமேஜை மாநாட்டுக்கு வந்து, கிழக்கு லண்டனில் கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்தார். தங்க இணைப்பு போன அடுத்த நாள் சார்லி சாப்ளின் அவரைச் சந்தித்து, இயந்திரத்தின் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்டார். அந்த வாரக் கடைசியில் காந்தி போனது லங்காஷயர், டார்வென் பக்கம். அவருடைய அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை போன ஊர். செப்டம்பர் 26-ல் எடுத்த போட்டோவில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கைதூக்கி ஆரவாரம் செய்கிறார்கள், நடுவில் போர்வை போர்த்திய காந்தி. திருப்பூர்க்காரர் நீங்கள், அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் 1949 செப்டம்பர் 18, பவுண்டை 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு இறக்கினார்கள். இந்தியாவும் கூடவே இறக்கியது, 3 ரூபாய் 31 காசுக் கணக்கில் இருந்த டாலர் 4.76 ஆனது. பாகிஸ்தான் மட்டும் இறக்க மறுத்தது. 1992 செப்டம்பர் 16 ‘கருப்பு புதன்’, பவுண்டைத் தாங்கிப் பிடிக்க ஒரே நாளில் வட்டி 10 சதவீதத்திலிருந்து 12, அதற்கும் மேல் 15 என்று அறிவித்தும் சாயங்காலம் கையைத் தூக்கிவிட்டார்கள். பவுண்டு விழும் என்று பந்தயம் கட்டியிருந்த முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் மட்டும் சிரித்தார். 2022 செப்டம்பர் 23-ல் ஒரு குட்டி பட்ஜெட், மூன்றாம் நாள் பவுண்டு 1.03 டாலர். ஆனால் 1967-ல் விழுந்தது நவம்பரில், 2016-ல் ஜூனில். அதனால் பாதி மூடநம்பிக்கை. மீதிப் பாதிக்கு உங்கள் வங்கியில் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் (பின்னால் வரப்போகும் பவுண்டுக்கு இப்போதே விலை பேசிவைக்கும் ஒப்பந்தம்) போட்டுக்கொள்ளுங்கள்.

எம்டன் சென்னையில் குண்டு போட்டது பிரிட்டிஷ் சரித்திரத்தில் சேருமா?
— வாசகர், திருவல்லிக்கேணி

சேராமல்? குண்டு விழுந்தது அவர்கள் சாம்ராஜ்யத்து ஊரில். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், விளக்கைப் போட்டுக் குறிபார்த்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தினார். சுமார் 130 குண்டு. பதில் சுடுவதற்குள் இருட்டில் போய்விட்டது. ஆள் சேதம் கொஞ்சம்தான், பயம்தான் அதிகம், மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தவர்கள் ஏராளம். அந்தக் கப்பல் நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. ஆனால் தமிழில் மட்டும் ஒழியவில்லை. ‘அவன் சரியான எம்டன்’ என்கிறோமே, அந்த எம்டன்தான். உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது.

இரண்டு எலிசபெத்துக்கும் செப்டம்பர்தானாமே?
— வாசகி, கொழும்பு

முதலாமவர் பிறந்தது 1533 செப்டம்பர் 7, கிரீனிச் அரண்மனை. பையன்தான் என்று ஜோசியர்கள் சொன்னதை நம்பி, எட்டாம் ஹென்றியின் ஆட்கள் இளவரசன் பிறந்தான் என்று கடிதங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். பிறந்தது பெண். கடிதத்தை மாற்றி எழுதவில்லை, ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ்’ (prince) என்ற வார்த்தையின் வாலில் ஒரு ‘எஸ்’ எழுத்தை இடுக்கிவிட்டு அனுப்பினார்கள். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் ஒரு எஸ் போதும். நெருக்கிப் போட்ட அந்த எழுத்தை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாமவர் இறந்தது 2022 செப்டம்பர் 8, ஸ்காட்லாந்தில் பால்மோரல். உடலை 14 முதல் 19 காலை வரை லண்டனில் வைத்திருந்தார்கள். தேம்ஸ் கரையோரமாக மைல் கணக்கில் வரிசை, சில சமயம் காத்திருக்கும் நேரம் 24 மணிக்கும் மேல், கையில் வண்ணப் பட்டை கட்டிவிட்டு அனுப்பினார்கள், கால்பந்துக்காரர் பெக்காமே பன்னிரண்டு மணி நேரம் நின்றார். சுமார் இரண்டரை லட்சம் பேர் கடந்துபோன அந்த இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். ஆமாம், காரைக்குடி வாசகிக்குச் சொன்னேனே, மன்னராட்சியை ஒழித்தவரின் தலை கூரைமேல் கம்பத்தில் இருந்த மண்டபம், அதேதான்.